ஏழாவது கடிதத்துக்கு மேல்

“ஒரு வரியில மூணு இடத்துல தடுக்கிட்டீங்க.”

“எண்ணிக்கிட்டேவா இருந்தே?”

“எண்ணல. அதுவா காதுல வந்து விழுது, நான் என்ன பண்றது? ‘கதவைத் திறந்தவள்’னு ஒரே மூச்சுல வரணும். நீங்க கதவை ஒரு பக்கமும் அவளை ஒரு பக்கமுமா நிறுத்தி வெச்சிருக்கீங்க.”

“அப்ப நீயே படிச்சுடு. எனக்கு ரெண்டு சட்டைக்குப் பித்தான் காஜா எடுக்கணும்.”

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் புருஷன் பெண்டாட்டிக்குள் நடந்த பேச்சு இது. அவளுக்கு அதில் ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு அன்றைக்கே சமாதானமும் ஆகியிருக்கலாம். அவரோ சிரித்துக்கொண்டே சொன்னார். நைந்துபோன அளவு டேப்பிலிருந்து இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் துண்டு வெட்டி, அடையாளத்துக்குப் புத்தகத்தின் நடுவில் வைத்து மூடினார். ஊசியில் நூலைக் கோத்தார். அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் காதுபட அவர் ஒரு வரி படித்ததில்லை. அவள் பக்கத்தில் இருந்தால், வாடிக்கையாளர் பெயர் எழுதிய துண்டுச் சீட்டைக்கூட மகளிடம் நீட்டி, “இது யாருதுன்னு பாரு” என்பார்.

‘திரும்பப் படிங்களேன்’ என்று கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு எத்தனையோ தரம் தோன்றியிருக்கிறது. போர்வையின் இரண்டு முனைகளை இருவரும் பிடித்து மடிக்கும்போது வரும். பேருந்தில் அவர் தோளில் சாய்ந்து தூங்கி விழிக்கும்போது வரும். தொண்டைவரை வந்த சொல்லை, ஆறிப்போன புண்ணைக் கிளறுவதாக ஆகிவிடுமோ என்று விழுங்கிவிடுவாள். விழுங்கி விழுங்கி அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

அவர் தையல்காரர். தெருவில் எல்லோருக்கும் மாஸ்டர். வீட்டின் முன்னறைதான் கடை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, தாய்மாமனின் மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து பிசிறு வெட்டித் தொழில் கற்றவர். அவள் கல்யாணமாகி வந்தபோது நகைப்பெட்டி கைக்கு அடக்கமாக இருந்தது. புத்தகப் பெட்டியைத்தான் இரண்டு ஆள் தூக்க வேண்டியிருந்தது. “இவ்வளவும் நீ படிச்சதா?” என்று மாஸ்டர் கேட்ட கேள்வியில் பயம் பாதி, பெருமை பாதி. மறுநாளே பலகை வாங்கிவந்து கடைச் சுவரில் அலமாரி அடித்துக் கொடுத்தார். துணிக்கடை மாதிரி இல்லாமல் நூலகம் மாதிரி இருக்கிறதே என்று அளவு கொடுக்க வந்தவர்கள் கேலி செய்தார்கள். அவர் அதற்கும் சிரித்தார்.

முதல் வருஷம் முழுக்க, அவர் தைப்பார், அவள் படித்துக் காட்டுவாள். சுவாரசியமான இடம் வந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். சோகமான இடம் வந்தால் தையல் கோணிவிடும். பிறகு அவளுக்கு ஓர் ஆசை வந்தது: ஒரு அத்தியாயம் அவள், ஒரு அத்தியாயம் அவர். அப்படித் தொடங்கியதுதான் அந்த நாவல். ஒரு பஸ் கண்டக்டர். கடைசி ட்ரிப்பில் சீட்டுக்கு அடியில் ஒரு துணிப்பை கிடைக்கிறது. அதற்குள் யாரோ போடாமல் விட்ட பதினோரு கடிதங்கள். தபால் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அவன் நேரே கொண்டுபோய்க் கொடுப்பதென்று கிளம்புகிறான். பதினோராவது கடிதத்தில் அவன் வீட்டு முகவரியே இருக்கிறது. அதைக் கடைசியில்தான் பிரிப்பது என்று வைத்திருக்கிறான்.

“யாரும் முன்னால ஓடக் கூடாது. நீயும் சரி, நானும் சரி,” என்று மாஸ்டர் ஒப்பந்தம் போட்டார். ஏழாவது கடிதம் அவர் முறை. அந்த அத்தியாயத்தின் பாதியில்தான் அவர் தடுக்கியதை அவள் எண்ணினாள்.

அப்போது அவள் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். பிழை திருத்துகிற வேலை. மருந்துப் பெட்டிக்குள் நாலாக மடித்து வைக்கிற காகிதம், மின்விசிறியோடு வரும் உத்தரவாத அட்டை, பள்ளிப் பாடப் புத்தகம், சங்கங்களின் ஆண்டறிக்கை எல்லாம் அவள் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். இரண்டு சுற்று உண்டு. முதல் சுற்றில் ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிப்பார். அவள் அச்சிட்ட தாளில் அதைச் சரிபார்ப்பாள். வாசிக்கிறவர் ஏற்ற இறக்கமே இல்லாமல், “இந்த மாத்திரையை கமா உணவுக்குப் பின் கமா” என்று ஓதுவதால் அவருக்குக் கமா அண்ணன் என்று பெயர் நிலைத்துவிட்டது. இரண்டாம் சுற்று அவள் மட்டும். அதில் பக்கத்தின் கடைசிச் சொல்லில் தொடங்கி, ஒவ்வொரு சொல்லாக மேலே ஏற வேண்டும். நேராகப் படித்தால் அர்த்தம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். பிழை கண்ணுக்குத் தெரியாது. தலைகீழாகப் படித்தால் சொல் வெறும் சொல்லாக நிற்கும். இது அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்த அம்மாள் முதல் நாளே சொன்னது. அவள் அதைக் கண்ணும் கருத்துமாகப் பின்பற்றினாள். அர்த்தத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்தப் பழகினாள். பழகியது எவ்வளவு நன்றாகப் பழகியதென்றால், வீட்டுக்கு வந்த பிறகும் அது உள்ளே வரவில்லை.

எப்போது படிப்பதை நிறுத்தினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மகளுக்குப் பல் முளைத்தது, அம்மை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. கடைசியாக ஒரு நாவலை எடுத்தது பதினோரு வருஷத்துக்கு முன்னால். முடித்தபோது நாற்பத்தோரு பிழைகளைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தாள். கதாநாயகிக்கு என்ன கஷ்டம் என்று மட்டும் ஞாபகமில்லை. சிவப்புப் பேனா எந்நேரமும் அவள் கொண்டையில் செருகியே இருக்கும். “அம்மா புத்தகத்தைத் தொட்டா டாக்டர் வயித்தை அமுக்கிப் பாக்கற மாதிரியே இருக்குப்பா” என்பாள் மகள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இப்போதுதான் உதவியாளாகச் சேர்ந்தவள். அவளுக்கு அப்படித்தான் உவமை வரும்.

இந்தக் கோடையில்தான் பேச்சு வந்தது. பள்ளிச் சீருடை ஆர்டர் கிடைத்ததால் மாஸ்டர் இரண்டாவதாக, துணியின் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று. வைக்க இடமில்லை. அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் முன்னறையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார். கதவுப் பக்கம் அளந்தார், ஜன்னல் பக்கம் அளந்தார். புத்தகச் சுவரை மட்டும் அளக்கவில்லை. அதைக் கவனித்த அவள்தான் சொன்னாள், அலமாரியை எடுத்துவிடலாம் என்று. யார் படிக்கிறார்கள், தூசி தட்டுவதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறது, பழைய புத்தகக்காரருக்குச் சொல்லிவிட்டால் ஒன்றரை மாதத்தில் இந்தப் பக்கம் வரும்போது அள்ளிக்கொண்டு போவார் என்று, கத்தரிக்காய் வாங்குவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள்.

மாஸ்டர் டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். “உன் இஷ்டம்” என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் ஒரு மின்தடையால் வந்தது.

வெயில் உச்சத்துக்கு ஏறிய ஒரு மதியம் அச்சகத்தில் கரண்ட் போயிற்று. சாயங்காலம்தான் வருமென்று தெரிந்து எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். மூன்று மணி சுமாருக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது கடையின் இரும்புக் கதவு பாதி இறக்கியிருந்தது. சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்கிற நேரம். எழுப்ப வேண்டாமென்று பின்சந்து வழியாகச் சமையலறைக்குள் வந்து, வியர்வையைத் துடைத்து, தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். சமையலறைக்கும் கடைக்கும் நடுவே கதவு கிடையாது. மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டு அவர் தைத்த திரைதான். அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சுக்குரல் வந்தது.

யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்தாள். பேசுவது மாஸ்டர். ஆனால் பேசுகிற மாதிரியும் இல்லை. இருட்டில் படியிறங்குகிறவன் ஒவ்வொரு படியையும் காலால் துழாவிப் பார்த்து இறங்குவதைப்போல, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு, நிச்சயப்படுத்திக்கொண்டு, அடுத்ததற்குப் போனது குரல்.

“கண்டக்டர்... பைக்குள்ளே... கையை விட்டு... எடுத்... எடுத்தது...”

அங்கே நின்றுவிட்டது. அவள் செம்பு பாதிவழியில் நின்றது. எதை எடுத்தான்? அவளுக்கு ஞாபகமில்லை. எப்போதோ அவளே வாசித்துக் காட்டிய அத்தியாயம்தான் அது. சுத்தமாக மறந்திருந்தது. எழுத்துக்கூட்டுகிற முணுமுணுப்பு மட்டும் கேட்டது. எதை எடுத்தான், சொல்லித் தொலையுங்களேன் என்று அவள் மனசு குதித்தது.

“...ஒரு கோழி முட்டை.”

கடிதம் வாங்கிய கோழிக்காரி, கூலியாக இருக்கட்டுமென்று அவனுக்குத் தெரியாமல் டிக்கெட் பைக்குள் முட்டையைப் போட்டுவிட்டிருக்கிறாள். அவன் மேலதிகாரி டிக்கெட்டைக் காட்டச் சொன்னபோது முட்டையை நீட்டுகிறான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. திரைக்கு அந்தப் பக்கம் மாஸ்டரும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் ஐந்து பக்கம் படித்தார். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் அவள் தரையில் உட்கார்ந்து, அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தாள். அவர் தடுக்கினார், பின்னால் போனார், ஒரு வரியை விட்டுவிட்டுத் திரும்பி வந்து பிடித்துக்கொண்டார். அவள் காதில் அதெல்லாம் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் எண்ணவில்லை. அவளுக்குக் கண்டக்டரைப் பற்றித்தான் கவலை.

இரும்புக் கதவை ஏற்றுகிற சத்தம் கேட்டதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வெளியேறி, தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து, அப்போதுதான் வருகிறவள்போல வாசல் வழியாக நுழைந்தாள்.

“என்ன, சீக்கிரம்?” என்றார்.

“கரண்ட் இல்லை,” என்றாள். “தூங்கினீங்களா?”

“ம். கொஞ்சம் அசந்துட்டேன்.”

கல்யாணமாகி இருபது வருஷத்தில் இருவரும் ஒருவரிடம் ஒருவர் ஒரே நேரத்தில் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவர் துணி எடுக்கப் போன நேரத்தில் அவள் தேடிப் பார்த்தாள். புத்தகம் அலமாரியில் அதன் இடத்தில் இல்லை. இஸ்திரி மேசையின் கம்பளிக்கு அடியில் இருந்தது. திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் நீலச் சாக்பீஸ் கோடு, துணியில் வெட்டுமிடத்தைக் குறிப்பதற்கு அவர் போடுகிற அதே கோடு. முதல் பக்கத்தில் இரண்டு வரிக்கு ஒரு கோடு. அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்திருக்கிறது. பிறகு நாலு வரி, அரைப் பக்கம், ஒரு பக்கம். இப்போது ஐந்து. கோடுகளை எண்ணிப் பார்த்தால், அலமாரியை எடுக்கலாம் என்று அவள் சொன்ன மறுநாளே முதல் கடிதத்திலிருந்து தொடங்கியிருக்கிறார்.

அவள் அங்கேயே நின்றபடி அடுத்த பக்கத்தைப் படிக்கப் பார்த்தாள். இரண்டாம் வரியில் ஒரு சொல்லுக்கு முன்னால் இடைவெளி அதிகம். ஐந்தாம் வரியில் ஒரு எழுத்து மங்கல். கை கொண்டைக்குப் போனது. கண்டக்டரைக் காணவே காணோம். புத்தகத்தைக் கம்பளிக்கு அடியிலேயே வைத்துவிட்டாள். அவள் கண்ணுக்குள் வராத கதை அவர் வாய்வழியாக மட்டும் வருகிறது. அவள் ஒட்டுக்கேட்கிறாள் என்று தெரிந்தால் அவரோ அந்தக் கணமே நிறுத்திவிடுவார். சிரித்துக்கொண்டே நிறுத்திவிடுவார்.

அச்சகத்தில் கண் எரிகிறது என்று சொல்லி, ஏழு மணிக்கு வந்து இரண்டரைக்குக் கிளம்ப அனுமதி வாங்கிக்கொண்டாள். வீட்டில் சொல்லவில்லை. காலையில் சீக்கிரம் போக வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். தினமும் மூன்றேகாலுக்குப் பின்சந்து, கையில் செருப்பு, சமையலறைத் தரை. சத்தம் வராத வேலைகளாகப் பார்த்துச் செய்தாள். பூண்டு உரித்தாள். பருப்பில் கல் பொறுக்கினாள். வீட்டில் இருந்த பூண்டெல்லாம் தீர்ந்து, பக்கத்துக் கடையில் மறுபடி வாங்க வேண்டியதாயிற்று. எதற்கெடுத்தாலும் பூண்டு போட்டே சமைக்கிறாயே என்று மகள் கேட்டதற்கு, உடம்புக்கு நல்லது என்று சமாளித்தாள்.

“எந்தப் புத்தகத்துல இருக்கு?” என்றாள் மகள்.

“எங்க அச்சகத்துல அடிச்ச புத்தகத்துலதான்.”

மாஸ்டர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஐந்தாவது கடிதம் ஒரு முடிதிருத்துகிறவருக்கு. ஆறாவது, ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாமல் இருக்கிற அக்கா தங்கைக்கு. உறையின் மேல் இருவர் பெயரும் இருப்பதால் யார் பிரிப்பது என்று இருவரும் கண்டக்டரிடமே பஞ்சாயத்துக்கு வருகிறார்கள். வரவர அவர் படிப்பது கொஞ்சம் ஓட ஆரம்பித்தது. ஆளுக்கு ஒரு குரல்கூடக் கொடுத்தார். தங்கைக்குக் கொடுத்த குரல், தெருக்கோடி மாவு மில்காரம்மா குரல்தான். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. முதலில் வாசல் பக்கம் போட்டிருந்த நாற்காலியைக் காற்று வரவில்லையென்றோ என்னவோ திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் மூச்சுவிடுவதுகூட அவளுக்குக் கேட்டது. தெரிந்துதான் போட்டாரா என்று இரண்டு நாள் யோசித்தாள். கேட்கவா முடியும்?

அந்த வாரம்தான் அச்சகத்தில் அது நடந்தது. மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகம். ஒரு சின்னப் பெண் பென்சில் பெட்டிக்குள் நத்தை வளர்க்கிற பாடம். கமா அண்ணன் மூலத்தை எடுத்து வழக்கம்போல ஓதிக்கொண்டு வந்தார். அவர் குரல் முதல் பத்தியில் இருக்கும்போதே அவள் கண் மூன்றாம் பத்திக்கு ஓடிவிட்டது. பெட்டி திறந்திருக்கிறது, நத்தையைக் காணவில்லை. வகுப்பறை முழுக்கத் தேடுகிறார்கள். அவளும் தேடினாள்.

பக்கம் முடிந்து கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கமா அண்ணன் தாளை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

“தங்கச்சி, ‘நத்தை பெட்டிக்குள் இல்லை’ன்னு ஒரே வரி ரெண்டு தடவை அடிச்சிருக்கான். நான் ஒரு தடவைதான் படிச்சேன். நீ எப்படி விட்டே?”

அவள் தாளைப் பார்த்தாள். ஒன்றின் கீழ் ஒன்றாக, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு வரியும் நின்றன. பத்தொன்பது வருஷத்தில் அவள் கையிலிருந்து இப்படி ஒன்று தப்பியதில்லை.

“நீ திருத்தல,” என்றார் அவர், பந்தியில் ஒளித்து எடுத்ததைக் கண்டுபிடித்தவர்போல. “படிச்சிருக்கே.”

அவள் முகம் சிவந்துவிட்டது. மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் ஒரு நாள் முழுக்கத் திட்டு விழும். ஆனாலும் உள்ளுக்குள் எங்கேயோ ஒரு சந்தோஷம். பாவாடை கிழிந்தாலும் மரத்தில் ஏறிவிட்ட சின்னப் பெண்ணின் சந்தோஷம். கமா அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நான் சத்தமா வாசிக்க ஆரம்பிச்சு முப்பது வருஷமாச்சு. ஒண்ணும் மண்டையில ஏறாது. அந்த நத்தை கெடச்சுதா?”

“பென்சில் சீவின தூள் கொட்டி வெச்ச டப்பாவுல தூங்கிட்டு இருந்துச்சு, அண்ணே.”

“அட,” என்றார் அவர். அடுத்த பக்கத்தை எடுத்தபோது, முதல் கமாவை விட்டுவிட்டார்.

சனிக்கிழமை ஏழாவது கடிதம் நடந்துகொண்டிருந்தது. காலையில் அவர் குளிக்கப் போனபோது அவள் கம்பளியைத் தூக்கிப் பார்த்திருந்தாள். மஞ்சள் துண்டு வைத்த இடத்துக்கு இன்னும் இரண்டு பக்கம்தான். மறுநாள் பழைய புத்தகக்காரர் வருகிறார். திங்கட்கிழமை மெஷின் வருகிறது. பின்சந்து வழியாக வந்து உட்கார்ந்தாள். பூண்டை மடியில் வைத்துக்கொண்டாளே தவிர உரிக்கவில்லை.

கண்டக்டர் மலைப்பாதையில் ஏறிப் போகிறான். ஒற்றை வீடு. கதவைத் தட்டுகிறான். மாஸ்டரின் குரல் மெதுவானது. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது.

“கதவைத்... திறந்தவள்...”

நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். முதலிலிருந்து தொடங்கினார்.

“கதவைத் திறந்தவள் கடிதத்தை... வாங்கவில்லை. அவன் கையையே... பார்த்துக்கொண்டு நின்றாள்.”

மூன்றாவது தடவை, ஒரே மூச்சில், தடுக்காமல் படித்தார்.

“கதவைத் திறந்தவள் கடிதத்தை வாங்கவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த வரி என்ன? ஏன் வாங்கவில்லை? கையில் என்ன இருந்தது? இது அவள் கேட்காத பகுதி. இருவருமே கேட்காத பகுதி. அடுத்த சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புத்தகம் மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு மெஷின் ஓட ஆரம்பித்தது.

யாரும் முன்னால் ஓடக் கூடாது. ஒப்பந்தம் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. தெரிந்த பகுதியை மட்டும், விட்ட இடம்வரைக்கும், ஒவ்வொரு படியாகத் துழாவி வந்து நின்றுவிட்டார். அந்தப் படிக்குக் கீழே அவள் இல்லாமல் இறங்க மாட்டார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பூண்டு இல்லை. யாரும் ஏனென்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வானம் மூடிக்கொண்டிருந்தது. பழைய புத்தகக்காரர் மூன்றுசக்கர வண்டியோடு பத்து மணிக்கு வந்தார். பேச்சில் வஞ்சனை இல்லாத மனுஷர். புத்தகங்களை இறக்கி, உயரவாரியாக அடுக்கி, கட்டுக் கட்டாகச் சணல் கயிற்றால் கட்டினார். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு, “எல்லாத்திலயும் யாரோ சிவப்பு மையில கோலம் போட்டிருக்காங்களே” என்றார். மகள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே மருந்தகத்துக்குக் கிளம்பிப் போனாள். நாலாவது கட்டு கட்டும்போது மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை, தாரை தாரையாக, தெரு மறைகிற மாதிரி.

“விடட்டும்மா. நனைஞ்சா இதெல்லாம் எதுக்கும் ஆகாது,” என்று அவர் வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சுவரில் காலியான பலகைகளைப் பார்த்தார். பிறகு, எத்தனையோ வீட்டு அலமாரிகளைப் பார்த்த கண்ணோடு, தரையிலிருந்த ஒரு கட்டைத் தட்டினார். “இதே அளவுல இன்னொண்ணு இருந்திருக்கணுமே? பலகையில தூசி படியாத இடம் ஒரு புத்தக அகலத்துக்கு இருந்துச்சு.”

மாஸ்டர் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். திருடிய பையன் முகம் அவருக்கு. இஸ்திரி மேசையின் கம்பளியைத் தூக்கி, புத்தகத்தை எடுத்தார். கட்டின் மேல் வைக்கவில்லை. அவளிடம் கொடுக்கவும் இல்லை. துணி வெட்டுகிற மேசையின் நடுவில், யாருடைய துணி என்று தெரியாத துணியை வைப்பதுபோல வைத்தார்.

“இது எங்கிட்ட இருந்துச்சு,” என்றார். “சும்மா... புரட்டிட்டு இருந்தேன். நீ பாத்து சொல்லு, போடறதா வேணாமான்னு.”

அவள் எடுத்தாள். மஞ்சள் துண்டு இருந்த பக்கம் தானாகத் திறந்தது. ஓரத்தில் நீலக்கோடு, சனிக்கிழமைக் கோடு. அதற்குக் கீழே கோடு படாத வெள்ளை ஓரம். கண் தன் வழக்கப்படி நாலாவது வரிக்குப் போய், அங்கே தலைசாய்ந்து நின்ற ஒரு எழுத்தைப் பிடித்துவிட்டது. கை கொண்டைக்குப் போய்ப் பேனாவை உருவியது.

மாஸ்டர் அந்தப் பேனாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மெதுவாக எண்ணெய்க் குப்பியின் பக்கம் திரும்பினார். உதட்டில் அதே சிரிப்பு வந்து உட்கார்ந்திருந்தது.

அவள் பேனாவைப் பித்தான் டப்பாவுக்குள் போட்டாள். டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். திரைக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டாள். புத்தகத்தை அவர் கையில் வைத்தாள். பிறகு எழுத்துகள் தன் கண்ணில் படாதபடி, அவருக்கு எதிர்ப்பக்கமாக, தரையில் புத்தகக் கட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“பெரியவரே, மழை விடற வரைக்கும் நீங்களும் கேளுங்க. ஆனா இந்தக் கட்டெல்லாம் இன்னிக்குப் போகுமான்னு தெரியல,” என்றாள் பெஞ்சுப் பக்கம் பார்த்து. அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டுக் காலை மடித்துக்கொண்டார்.

மாஸ்டர் நின்றபடியே இருந்தார். “நான் படிச்சா உனக்கு... அன்னிக்கே சொன்னியே,” என்றார். பத்தொன்பது வருஷமாக அந்தப் பேச்சை அவரும் அச்சுப் பிசகாமல் வைத்திருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.” அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். “பதினாறு நாளா அந்தத் திரைக்குப் பின்னாடி உக்காந்து ஒரு மூட்டை பூண்டு உரிச்சிருக்கேன். அவ ஏன் கடுதாசியை வாங்கலைன்னு தெரியாம நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. உக்காருங்க. எத்தனை இடத்துல வேணும்னாலும் தடுக்குங்க, நான் வாயே திறக்க மாட்டேன்.”

மழை ஓட்டின் மேல் சத்தமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மஞ்சள் துண்டை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, சாக்பீஸைத் தேடி எடுத்து, அவளைப் பார்த்தார்.

“எனக்குப் படிச்சுக் காட்டுங்க,” என்றாள்.